உயிரோடு இருந்து சாட்சி சொன்னவர்கள்

யாழ்ப்பாணத்தில் பெண்கள் மீதான வன்முறை பற்றிக் கதை எடுத்தால் இரண்டு பெயர்கள் உடனே வரும்: கிறிஷாந்தி, வித்தியா. 1996இல் பிறந்திராத பிள்ளைகளுக்கும் முதல் பெயர் தெரியும். இரண்டாவது பெயர் எங்கட வயதுக்காரருக்கு நேரடி ஞாபகம். இரண்டு பேரும் பள்ளிக்கூட மாணவிகள். இரண்டு பேரும் 18 வயதில் கொல்லப்பட்டவர்கள்.

இப்ப இன்னொரு கேள்வி. தனக்கு நடந்ததைத் தானே போய் முறையிட்டு, செய்தவர்களை அடையாளம் காட்டி, வருடக்கணக்காக நீதிமன்றப் படி ஏறி, உயிரோடு இருந்து சாட்சி சொன்ன ஒரு பெண்ணைப் பற்றி உங்களுக்கு ஏதாவது தெரியுமா? பெயரைக் கேட்கேல்லை. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை அவருடைய அனுமதி இல்லாமல் வெளியிடுவது 1995 தொடக்கம் இலங்கையில் தண்டனைக்குரிய குற்றம். பெயர் தெரியாமல் இருப்பது நல்லதுதான். நான் கேட்கிறது அவர் செய்த காரியத்தைப் பற்றி. அது எந்த ஆண்டு, எந்த நீதிமன்றம், என்ன தீர்ப்பு, பிறகு என்ன நடந்தது?

அனேகமானவர்களுக்குப் பதில் வராது. இறந்த பெண்களுக்கு நினைவுநாள் செய்கிறோம். உயிரோடு இருந்து போராடிய பெண்களின் போராட்டம் எங்கட சரித்திரத்தில் ஒரு வரியாகக்கூட இல்லை. இந்தக் கட்டுரை அந்த வரியைத் தேடுகிற ஒரு சின்ன முயற்சி.

முதலில் எழுதி வைத்தவர்கள்

1980களில் இருந்து தொடங்குவம். 1984இல் இளைஞர்களை இராணுவம் கூட்டமாகப் பிடித்துக்கொண்டு போனபோது, யாழ்ப்பாணத்து அம்மாமார் ஒன்றுசேர்ந்து அன்னையர் முன்னணியை உருவாக்கினார்கள். ஊர்வலமாகக் கச்சேரிக்குப் போய் அரசாங்க அதிபரிடம் பிள்ளைகளைத் திருப்பிக் கேட்டார்கள். அது பிள்ளைகளுக்கான போராட்டம். பெண்களுக்கு நடந்த வன்முறை அதில் பேசுபொருள் இல்லை. ஆனா பெண்கள் கூட்டமாகத் தெருவுக்கு வந்து அதிகாரத்திடம் பதில் கேட்கலாம் என்பதை இந்த ஊர் அப்போது கண்டது.

அதே காலத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் இயங்கியது. 1986இல் அவர்கள் வெளியிட்ட ‘சொல்லாத சேதிகள்’ கவிதைத் தொகுப்பை இலக்கியமாக மட்டும் வாசித்துவிட்டுப் போகிறோம். அந்தத் தலைப்பையே திரும்ப ஒருக்கா வாசியுங்கோ. சொல்லப்படாமல் கிடந்தவை நிறைய இருந்தன, அவற்றைச் சொல்ல ஒரு கூட்டுத் துணை தேவைப்பட்டது என்கிற அறிக்கை அந்தத் தலைப்பிலேயே இருக்கு.

1987 ஒக்டோபரில் இந்திய இராணுவத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் சண்டை தொடங்கியது. வீடு வீடாகத் தேடுதல் நடந்தது. பாலியல் வன்முறைகள் நடந்தன. ஊருக்குள் எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் வாய் திறக்க மாட்டினம். அந்த நேரத்தில் யாழ். பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த ராஜினி திராணகம அந்தப் பெண்களிடம் போய்க் கேட்டு எழுதத் தொடங்கினார். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்களின் யாழ்ப்பாணக் கிளையைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். மற்ற மூன்று பேரோடு சேர்ந்து அவர் எழுதிய ‘முறிந்த பனை’ நூலில், பெண்களின் போர் அனுபவம் பற்றிய அத்தியாயம் அவருடையது.

அந்த வேலையில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேணும். ஒன்று, யார் செய்தார்கள் என்பதைப் பார்த்து அவர் வன்முறையைத் தரம் பிரிக்கவில்லை. அரசு, இந்திய இராணுவம், இயக்கங்கள் என்று எல்லாப் பக்கத்தையும் எழுதினார். மற்றது, எழுதுவதோடு நிற்கவில்லை. போரில் ஆதரவில்லாமல் போன பெண்களுக்காகப் பூரணி இல்லம் உருவானபோது அதன் பின்னால் நின்றவர்களில் அவரும் ஒருவர். தகவல் திரட்டுவதும், தகவல் தந்த பெண்ணுக்கு இருக்க ஓர் இடம் தேடுவதும் அவருக்கு ஒரே வேலையின் இரண்டு பக்கம். இன்றைக்கு ஆய்வு செய்கிற எங்களுக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது.

1989 செப்டெம்பர் 21ஆம் தேதி, திருநெல்வேலியில், சைக்கிளில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ராஜினியைச் சுட்டுக் கொன்றார்கள். அப்போது அவருக்கு வயது 35. விடுதலைப் புலிகளே கொன்றார்கள் என்று அவருடைய குடும்பத்தினரும் தோழர்களும் தொடர்ந்து சொல்லி வந்திருக்கிறார்கள். நூல் அடுத்த ஆண்டு வெளிவந்தது. அவர் எழுதிய பெண்கள் பெயரில்லாமல் அதில் உயிரோடு இருக்கிறார்கள்.

சட்டம் மாறியது, செம்மணி நடந்தது

1995இல் கொழும்பில் ஒரு முக்கியமான மாற்றம் நடந்தது. பெண்கள் அமைப்புகளின் நீண்டகால அழுத்தத்தின் பிறகு தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டது. பாலியல் வல்லுறவுக்குக் குறைந்தபட்சத் தண்டனை வந்தது. சம்மதம் தெரிவிக்கும் வயது 12இலிருந்து 16 ஆனது. அரச காவலில் நடக்கும் வல்லுறவு தனியாகக் கவனிக்கப்பட்டது. இன்னொரு சின்ன விளக்கமும் சேர்க்கப்பட்டது: சம்மதம் இருக்கவில்லை என்று நிரூபிக்க உடம்பில் காயம் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை.

அந்தச் சின்ன விளக்கம் ஏன் பெரிது? அதுவரைக்கும் நீதிமன்றம் பெண்ணின் வாயை நம்பாமல் உடம்பைத்தான் நம்பியது. கீறல் எங்கே, கிழிசல் எங்கே, ஏன் கத்தவில்லை என்று கேட்டது. பயத்தில் உறைந்து போகிற உடம்பைச் சட்டம் அறிந்திருக்கவில்லை. 1995க்குப் பிறகு, எழுத்திலாவது, அறிந்துகொண்டது.

திருத்தத்தில் ஓர் ஓட்டையும் இருந்தது. கணவன் மனைவியை வல்லுறவுக்கு உட்படுத்துவது, நீதிமன்றம் அவர்களைப் பிரித்து வைத்திருந்தால் மட்டுமே குற்றம். இந்த ஓட்டையோடுதான் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

அதே 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணம் முழுதும் இடம்பெயர்ந்தது. 1996இல் சனங்கள் திரும்பி வந்தபோது குடாநாடு இராணுவத்தின் கையில். சந்திக்குச் சந்தி சோதனைச்சாவடி. அந்த ஆண்டு நூற்றுக்கணக்கானவர்கள் காணாமல் ஆக்கப்பட்டார்கள்.

1996 செப்டெம்பர் 7. சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிறிஷாந்தி குமாரசுவாமி, உயர்தர இரசாயனவியல் பரீட்சை எழுதிவிட்டு கைதடிக்குச் சைக்கிளில் வந்தபோது செம்மணிச் சோதனைச்சாவடியில் மறிக்கப்பட்டார். மகளைக் காணவில்லை என்று தாயும் தம்பியும் அயலவர் ஒருவரும் சோதனைச்சாவடிக்குக் கேட்கப் போனார்கள். நான்கு பேரும் கொல்லப்பட்டார்கள்.

கிறிஷாந்தியை நினைக்கிற அளவுக்கு நாங்கள் அந்த மூன்று பேரை நினைப்பதில்லை. ‘என்ர பிள்ளை எங்கே’ என்று போய்க் கேட்கிறதுதான் பாதிக்கப்பட்டவருக்காகக் குரல் கொடுக்கிறதின் முதல் படி. அந்த முதல் படியிலேயே மூன்று உயிர் போனது. அதற்குப் பிறகும் கேட்டவர்கள் இருந்தார்கள் என்பதால்தான் வழக்கு வந்தது. உறவினர்களும் சட்டத்தரணிகளும், கொழும்பில் இருந்த பெண்கள் அமைப்புகளும் மனித உரிமை அமைப்புகளும் விடாமல் கேட்டார்கள். கொழும்பில் மூன்று நீதிபதிகள் கொண்ட ட்ரயலட்பார் தீர்ப்பாயம் அமைந்தது. 1998 ஜூலை 3ஆம் தேதி இராணுவத்தினருக்கு மரண தண்டனை தீர்க்கப்பட்டது. அன்றைக்குத்தான் குற்றவாளிகளில் ஒருவரான சோமரத்ன ராஜபக்ச, செம்மணியில் 300 தொடக்கம் 400 உடல்கள் வரை புதைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார். 1999இல் தோண்டியபோது 15 உடல்கள் எடுக்கப்பட்டன. 2025இல் செம்மணி சிந்துபாத்தி மயானத்தில் நடந்த அகழ்வில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன.

ஒரு மாணவிக்காகக் கேட்ட கேள்வி நூற்றுக்கணக்கானவர்களின் புதைகுழி வரைக்கும் போனது. இது எங்கட சரித்திரத்தில் பெரிய விஷயம். ஆனா இந்த வழக்கில் கிறிஷாந்தியின் குரல் இல்லை. அவரை ஒருத்தரும் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. ‘நீ ஏன் அந்த நேரம் அங்க போனாய்’ என்று கேட்க முடியாது. உயிரோடு தப்பிய பெண்ணுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவர் கதைக்கத் தொடங்கிய நிமிடத்திலிருந்து விசாரணை அவர் மீதும் நடக்கும்.

விசுவமடுவில் இருந்து யாழ். மேல் நீதிமன்றத்துக்கு

நான் மேலே கேட்ட கேள்விக்கான பதில் இது. சம்பவம் நடந்தது குடாநாட்டுக்கு வெளியே, முல்லைத்தீவு மாவட்டம் விசுவமடுவில். தீர்ப்புச் சொன்னது யாழ். மேல் நீதிமன்றம்.

2010 ஜூன் 6. போர் முடிந்து ஒரு வருடம். முகாமில் இருந்து மீள்குடியேற்றத்துக்காக ஊருக்கு வந்திருந்த இரண்டு பெண்கள். ஒருவர் இராணுவத்தினரால் கூட்டுப் பாலியல் வல்லுறவுக்கு உட்படுத்தப்பட்டார். மற்றவர் பாலியல் வன்முறைக்கு ஆளானார். அவர்கள் முறைப்பாடு செய்தார்கள்.

‘முறைப்பாடு செய்தார்கள்’ என்ற இரண்டு சொல்லைச் சும்மா கடந்து போகாதேங்கோ. 2010 வன்னியை நினைத்துப் பாருங்கோ. தெருவில் இராணுவம், கடையில் இராணுவம், வீடு கட்டித் தருகிறதும் இராணுவம். பதிவு, அனுமதி எல்லாம் அவர்களிடம். அந்த இடத்தில் நின்றுகொண்டு இராணுவத்தினர் மீது முறைப்பாடு. சாட்சிகளைப் பாதுகாப்பதற்கு அப்போது நாட்டில் ஒரு சட்டம்கூட இல்லை. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்குமான பாதுகாப்புச் சட்டம் 2015இல்தான் வந்தது. ஐந்து வருடம் முந்தியே இவர்கள் சாட்சி சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

அப்படி ஒரு வழக்கில் ஒரு பெண் எத்தனை தரம் கதை சொல்ல வேண்டி வரும் என்று எண்ணிப் பார்ப்பம். முதலில் பொலிஸ். அங்கே தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதுகிற வழக்கம் எங்களுக்குத் தெரியாததல்ல. தான் சொன்னது தாளில் என்னவாக இருக்கு என்று தெரியாமலே கையெழுத்து வைக்க வேண்டி வரும். பிறகு சட்ட வைத்திய அதிகாரி: உடம்பைக் காட்டி, திரும்பச் சொல்ல வேணும். பிறகு நீதவான் நீதிமன்றம், அடையாள அணிவகுப்பு: வரிசையில் நிற்கிறவர்களின் முகத்தைப் பார்த்துக் கையால் தொட்டுக் காட்ட வேணும். பிறகு மேல் நீதிமன்றம்: முதலில் அரச சட்டத்தரணி கேட்பார், பிறகு எதிராளியின் சட்டத்தரணி குறுக்கே கேட்பார். இடையில் தவணை, தவணை, தவணை. ஒவ்வொரு தவணைக்கும் பஸ், பிள்ளையைப் பார்க்க ஓர் ஆள், ஒருநாள் கூலி இழப்பு, அயலட்டைக்கு ஒரு பொய்.

2015 ஒக்டோபர் 7ஆம் தேதி, நீதிபதி மாணிக்கவாசகர் இளஞ்செழியன் தீர்ப்பு வழங்கினார். நான்கு இராணுவத்தினரும் குற்றவாளிகள். 30 வருடக் கடூழியச் சிறை. இரண்டு பெண்களுக்கும் நட்டஈடு. உயிரோடு இருக்கிற தமிழ்ப் பெண்களின் சாட்சியத்தில், சொந்த மண்ணில் இருக்கிற நீதிமன்றம் ஒன்று இராணுவத்தினரைத் தண்டித்த தீர்ப்பு அது.

நான்கு வருடம் போனது. 2019இல் கொழும்பு மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த நால்வரையும் விடுதலை செய்தது.

விடுதலைத் தீர்ப்புக்குப் பிறகு என்ன செய்வது?

இந்தக் கேள்வி வந்த வேறு ஓர் இடத்தைப் பார்ப்பம். 1972இல் இந்தியாவின் மகாராஷ்டிராவில், மதுரா என்று அறியப்பட்ட ஓர் ஆதிவாசிச் சிறுமியைப் பொலிஸ் நிலையத்துக்குள்ளேயே இரண்டு பொலிசார் பாலியல் வன்முறைக்கு உட்படுத்தினார்கள். உயர் நீதிமன்றம் தண்டித்தது. 1978இல் டெல்லி உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. உடம்பில் காயம் இல்லை, அவள் எதிர்க்கவில்லை என்பது அந்தத் தீர்ப்பின் போக்கு.

மதுராவுக்கு நீதி கிடைக்கவில்லை. ஆனா 1979இல் உபேந்திர பக்சி, லொத்திகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தாகம்வார் என்கிற நான்கு சட்ட அறிஞர்கள் தீர்ப்பை வரிக்கு வரி வாசித்து நீதிமன்றத்துக்கே ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அது கைக்குக் கை போனது. 1980இல் பல நகரங்களில் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983இல் இந்தியச் சட்டம் மாறியது: காவலில் நடக்கும் வல்லுறவில், சம்மதம் இல்லை என்று பெண் சொன்னால் நீதிமன்றம் அதை அப்படியே எடுத்துக்கொண்டு தொடங்க வேண்டும், அடையாளத்தை வெளியிடுவது குற்றம்.

அங்கே விடுதலைத் தீர்ப்பு ஓர் இயக்கத்தின் தொடக்கம் ஆனது. எங்களிடம் 2019 தீர்ப்பு வந்தபோது பெண்கள் அமைப்புகள் சில பேசின, செய்தி வந்தது, பிறகு அடங்கிப் போனது. மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இணையத்தில் கிடைக்கின்றன. சட்டம் படிக்கிற பெடியள் பெட்டையள் எத்தனை பேர் இருக்கிறம்? அந்த ஒரு தீர்ப்பை உட்கார்ந்து வாசித்து, மேல் நீதிமன்றம் எதை நம்பியது, மேன்முறையீட்டு நீதிமன்றம் எதை நம்பவில்லை என்று தமிழில் எழுதினால், அது பத்து நினைவுக் கூட்டத்துக்குச் சமம். அந்தப் பெண்களும் வாசிக்கலாம். தங்கட வழக்கில் என்ன நடந்தது என்று தங்கட மொழியில் தெரிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு இருக்கு.

ஒரே வருடத்தில் இரண்டு 2015

விசுவமடுத் தீர்ப்புக்கு ஐந்து மாதம் முதல், 2015 மே 13ஆம் தேதி, புங்குடுதீவில் பள்ளிக்கூடம் போன சிவலோகநாதன் வித்தியா கடத்தப்பட்டு, கூட்டு வல்லுறவுக்குப் பிறகு கொல்லப்பட்டார். அடுத்த நாள் உடல் கிடைத்தது. வடக்கு முழுக்கப் பள்ளிக்கூடங்களும் கடைகளும் மூடப்பட்டன. மே 20ஆம் தேதி யாழ். நீதிமன்றக் கட்டடத்தின் மீது கல்லெறி விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கைது செய்யப்பட்டார்கள். ட்ரயலட்பார் இந்த முறை யாழ்ப்பாணத்திலேயே அமைந்தது. 2017 செப்டெம்பர் 27ஆம் தேதி ஏழு பேருக்கு மரண தண்டனை. இரண்டு பேர் விடுதலை. முக்கிய சந்தேகநபர் ஒருவர் தப்பிக்க உதவிய குற்றச்சாட்டில் பொலிஸ் உயரதிகாரி ஒருவரும் கைதானார்.

வித்தியாவுக்காகத் திரண்ட கோபம் நியாயமானது. அந்தக் கோபம் இல்லாமல் வழக்கு அவ்வளவு தூரம் வந்திருக்குமா என்பதும் சந்தேகம். ஆனா அதே வருடம் ஒக்டோபரில் வந்த விசுவமடுத் தீர்ப்பை ஏன் எங்களுக்குத் தெரியாது? எனக்குத் தோன்றுகிற காரணங்கள் இரண்டு.

ஒன்று, எங்கட சொல். நீண்டகாலம் எங்கட பத்திரிகைகள் இந்தக் குற்றத்துக்கு ‘கற்பழிப்பு’ என்றுதான் எழுதின. செய்தவன் செய்த குற்றத்தைச் சொல்லாமல், பெண்ணிடம் இருந்து என்ன போனது என்று சொல்கிற சொல் அது. ‘பாலியல் வல்லுறவு’ என்ற சொல்லை எழுத்திலும் நீதிமன்றத்திலும் கொண்டுவந்து நிலைநிறுத்தியது பெண்ணியவாதிகளின் உழைப்பு. சொல் மாறியது, அடியில் இருக்கிற எண்ணம் முழுக்க மாறவில்லை. ‘அழிந்து போன’ பெண் இறந்தால் தெய்வம். இருந்தால், ஊர் அவளை என்ன செய்வது என்று தெரியாமல் முழிக்கும், கலியாணப் பேச்சில் அவளின் தங்கச்சியையும் சேர்த்துத் தள்ளி வைக்கும்.

இரண்டாவது, ‘தூக்கில் போடு’ என்கிற கோஷம். இலங்கையில் 1976க்குப் பிறகு ஒருத்தரையும் தூக்கில் போடவில்லை. மரண தண்டனைத் தீர்ப்பு வந்தவுடன் விஷயம் முடிந்தது என்று வீட்டுக்குப் போகிறோம். உயிரோடு இருக்கிற பெண்ணுக்கு வேண்டியது வேறு பட்டியல்: பாதுகாப்பு, தங்க இடம், மருந்து, வேலை, வழக்குச் செலவு, தமிழில் எழுதப்பட்ட முறைப்பாடு. வல்லுறவால் கர்ப்பமானால் அதைக் கலைக்கக்கூட இந்த நாட்டின் 1883ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை. தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே அனுமதி. இதற்கெல்லாம் கோஷம் எழுதுவது கஷ்டம். அதனால்தான் கூட்டம் வருவதில்லை போல.

வீட்டுக்குள்ளே

சோதனைச்சாவடியையும் பற்றைக்காட்டையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பெரும்பகுதி தெரியாமலே போய்விடும். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய பெண்களின் நல்வாழ்வு பற்றிய நாடளாவிய ஆய்வில், துணையோடு வாழ்ந்த பெண்களில் 20.4 சதவீதமானோர், தங்கட வாழ்நாளில் துணைவரின் உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். ஐந்தில் ஒருவர். உங்கட ஒழுங்கையில் எத்தனை வீடு என்று எண்ணிப் பாருங்கோ.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், பாதிக்கப்பட்டவர் தானாகவோ அவர் சார்பில் பொலிசோ நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். கட்டளை அதிகபட்சம் 12 மாதம் இருக்கும். யாழ்ப்பாணத்தில் இதற்கு இன்னொரு முடிச்சும் உண்டு: தேசவழமை. சீதன வீடும் காணியும் பெண்ணின் பெயரில்தான் இருக்கும். ஆனா 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, கணவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அவர் அதை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. இல்லையென்றால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேணும். அடிக்கிற மனிசனிடமே போய்க் கையெழுத்துக் கேட்க வேண்டிய நிலை. ‘அவளின்ர வீடுதானே, அவள் ஏன் பயப்பட வேணும்?’ என்று கேட்கிறவர்களுக்கு இந்தச் சட்டம் தெரியாது.

இந்த இடத்தில் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். 1980களில் இருந்து உளவளத்துணை செய்கிற சாந்திகம், யாழ். சமூக செயற்பாட்டு மையம், மகளிர் அபிவிருத்தி நிலையம் போன்றவை. பொலிசுக்கும் நீதிமன்றத்துக்கும் கூடப் போய், வாங்கில் பக்கத்தில் இருந்து, தவணைத் திகதியை ஞாபகப்படுத்துகிற பெண்கள். இந்தக் கூடப் போகிற வேலைக்கு ஆவணம் இல்லை. எந்த நூலகத்திலும் ‘கூடப் போனவர்கள்’ என்று ஒரு தட்டு இல்லை.

கேட்கப் போகிற நாங்கள்

இதை வாசிக்கிற பல பேர் ஆய்வுக் கட்டுரைக்காகவோ, படத்துக்காகவோ, திட்ட அறிக்கைக்காகவோ இப்படிப் பெண்களிடம் கதை கேட்கப் போகப் போறியள். போருக்குப் பிறகு வடக்கில் எத்தனை ஆணைக்குழு, எத்தனை நேர்காணல்! 2016இல் நல்லிணக்கப் பொறிமுறைகளுக்கான கலந்தாலோசனைச் செயலணி நாடு முழுக்கக் கருத்துக் கேட்டது. 7,306 சமர்ப்பணங்கள் வந்தன. தங்களுக்கு நடந்த பாலியல் வன்முறையையும், உதவி பெறப் போன இடத்தில் கேட்கப்பட்ட பாலியல் இலஞ்சத்தையும் பெண்கள் அங்கே சொன்னார்கள். அறிக்கை 2017 ஜனவரி 3ஆம் தேதி கையளிக்கப்பட்டது. பிறகு அலுமாரிக்குப் போனது. சொன்ன பெண்கள் மட்டும் சொன்னதோடு வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள்.

ஈராக்கின் யாசிதிப் பெண் நாதியா முராத் 2018இல் நோபல் சமாதானப் பரிசு பெற்றவர். ஐஎஸ் பிடியிலிருந்து தப்பி வந்தவர். அவருடைய பெயரில் 2022இல் ஒரு நடத்தைக் கோவை வெளியானது: பாலியல் வன்முறையில் இருந்து தப்பியவர்களிடம் தகவல் எடுக்கிறவர்கள் எப்படி நடக்க வேண்டும் என்பது அதன் பொருள். உலகம் முழுக்க இதே பிரச்சினை இருந்ததால்தான் அது தேவைப்பட்டது. அதன் அடிப்படையை எங்கட ஊருக்கு ஏற்றமாதிரி நான்கு கேள்வியாகச் சொல்லலாம். இந்தத் தகவல் ஏற்கெனவே எங்கேயாவது இருக்கா, திரும்பவும் அவரிடமே கேட்கத்தான் வேணுமா? ‘ஓம்’ என்று சொன்னவர் நாளைக்கு ‘வேண்டாம்’ என்றால் அழிக்கத் தயாரா? ஊர், வயது, பிள்ளைகளின் எண்ணிக்கை என்று எழுதினாலே எங்கட சின்ன ஊரில் ஆளைப் பிடித்துவிடுவார்கள், அதை யோசித்தோமா? எழுதி முடித்ததை அவரிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டுவோமா?

இவற்றில் ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும் கேட்கப் போகாமல் இருக்கலாம். அதற்குப் பதிலாகச் செய்ய நிறைய வேலை கிடக்கு: தீர்ப்புகளை மொழிபெயர்ப்பது, பழைய பத்திரிகைகளில் இருந்து வழக்குகளைத் தொகுப்பது, 1980களில் இருந்து கூடப் போய் இப்ப வயதாகிக்கொண்டிருக்கிற செயற்பாட்டாளர்களின் அனுபவத்தை அவர்களின் விருப்பத்தோடு பதிவது. பாதிக்கப்பட்ட பெண்ணின் காயத்தைத் திரும்பத் திறக்காமலே இந்தச் சரித்திரத்தில் பாதியை எழுதலாம்.

மற்றப் பாதி அவர்களுடையது. விரும்பினால் சொல்லுவினம், விரும்பாட்டில் இல்லை. விசுவமடுப் பெண்கள் இரண்டு பேரும் யார், இப்போது எங்கே என்று நாங்கள் தேட வேண்டியதில்லை. 2010இல் அவர்கள் முறைப்பாடு செய்தார்கள், அடையாளம் காட்டினார்கள், ஐந்து வருடம் சாட்சியாக நின்றார்கள், வென்றார்கள், பிறகு மேன்முறையீட்டில் தோற்கடிக்கப்பட்டார்கள். இவ்வளவும் எங்கட பாடப்புத்தகத்தில் இல்லாவிட்டாலும் எங்கட ஞாபகத்தில் இருக்க வேணும். அடுத்த முறை கிறிஷாந்தியின், வித்தியாவின் நினைவுநாளுக்குப் போகும்போது, பெயர் சொல்லாமல் இந்த இரண்டு பேரையும் ஒருக்காச் சொல்லுங்கோ. அந்தக் கூட்டத்தில் தனக்கு நடந்ததை இன்னும் ஒருத்தருக்கும் சொல்லாத ஒரு பெண் இருந்தால், அவருக்கு அது கேட்கட்டும்.

(உடனடி உதவி தேவைப்படுகிறவர்களுக்கு: பெண்களுக்கான அரச உதவித் தொலைபேசி இலக்கம் 1938.)